கொட்டை எண்ணெய் தடவிய நாய்

நாய் வளர்க்கிறேன் என்று யாராவது பெருமை பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் பக்கத்தில் யாரும் நாயை வளர்ப்பதில்லை. அது தானாக எதையாவது பொறுக்கித் தின்று வளர்கிறது. வாசலில் படுப்பதால் இவர்களுடைய நாய் என்று பெயர். நானும் அப்படிப்பட்ட மடையனாக இருந்தவன்தான்.

யுத்த காலம். ஜெயங்கொண்டத்துக்குக் கிழக்கே எங்களுக்குக் கொஞ்சம் முந்திரிக்காடு இருந்தது. காட்டிலேயே கொட்டகை போட்டு நானும் என் மனைவியும் குடியிருந்தோம். காவலுக்கு ஒரு செவலை நாய். பழம் விழுகிற பருவத்தில் அதற்குச் சொறி வந்தது. முதுகில் மயிர் கொட்டிப்போய், பகலெல்லாம் சொறிந்துகொண்டே கிடந்தது.

முந்திரிக்கொட்டையைச் சுடும்போது தோட்டிலிருந்து கறுப்பாக ஓர் எண்ணெய் வடியும். கையில் பட்டால் தோல் உரிந்துவிடும். கொட்டை உடைக்கிற பெண்கள் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள். அதையே வண்டிச் சட்டத்தில் பூசினால் கரையான் அண்டாது. பித்தவெடிப்புக்கும் தடவுவோம். கரையானை விரட்டுவது சொறியை விரட்டாதா என்று நினைத்தேன். குச்சியில் கந்தைத் துணியைச் சுற்றி, ஒரு கொட்டாங்கச்சி எண்ணெயை நாயின் முதுகு முழுக்கப் பூசினேன். என் கையில் படாமல் பார்த்துக்கொண்டேன். அந்த அறிவு மட்டும் இருந்தது.

நாய் என்றால் நக்கத்தானே செய்யும்? அது என் மண்டையில் ஏறவில்லை. மூன்றாம் நாள் அதன் வாயிலிருந்து எச்சில் ஒழுகியது. கூழை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கொட்டகைக்குப் பின்னால் போய்ச் சுருண்டது. தங்கையைப் பார்க்க வந்திருந்த என் மச்சான், "என்னடா ஆச்சு ஒனக்கு?" என்று குனிந்து தலையைத் தொட்டார். மணிக்கட்டில் கவ்விவிட்டது. நல்ல ரத்தம்.

பக்கத்துக் காட்டு ஆட்கள் கூடிவிட்டார்கள். "எச்சி வடியுது பாரு, வெறிதான்" என்றான் ஒருவன். "வெறி நாயின்னா தண்ணியக் கண்டா பயப்படும், இப்பப் பாரு" என்று இன்னொருவன் ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி அதன் மூஞ்சியில் அடித்தான். நாய் அலறிக்கொண்டு ஒதுங்கியது.

"பாத்தியா, பயப்படுது!"

"ஒன் மூஞ்சில அடிச்சா நீ என்னடா பண்ணுவ? சிரிப்பியா?" என்று கத்தினேன். யார் கேட்டார்கள்?

மச்சான் கடிவாயில் சுண்ணாம்பையும் மிளகாய்த் தூளையும் அப்பிக்கொண்டு உலக்கையைக் கையில் எடுத்துவிட்டார். "மாப்ளே, இத அடிச்சுப் பொதைச்சுட்டுத்தான் நான் ஊருக்குப் போவேன்." எனக்கு நாயும் வேண்டும், மச்சானும் வேண்டும். என் மனைவிதான் குறுக்கே வந்தாள்.

"அண்ணே, நாளைக்குச் சந்தை. மாட்டு டாக்டர் வருவாரு. ஒரு நாள் பொறுத்துக்க."

"அதுக்குள்ள எனக்கு வெறி புடிச்சுக் கொலைச்சா?"

"நீ எப்பவும் அப்படித்தான கத்துற. புதுசா என்ன தெரியப்போவுது?"

கூட்டம் சிரித்தது. உலக்கை இறங்கியது. மச்சான் மந்திரித்துக் கயிறு கட்டிக்கொள்ளப் போய்விட்டார்.

மறுநாள் நாயைச் சங்கிலியோடு வண்டியில் ஏற்றி, கோழி அடைக்கிற பஞ்சாரத்தை அதன் மேல் கவிழ்த்துக் கட்டி, சந்தைக்கு ஓட்டினேன். மாட்டு டாக்டர் சந்தை மாடுகளுக்கு வெக்கை நோய் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். பஞ்சாரத்தின் இடுக்கு வழியாக நாயின் வாயை வெகுநேரம் பார்த்தார். நாக்கெல்லாம் கொப்புளம். பிறகு முதுகைப் பார்த்தார்.

"எதைய்யா தடவுன?"

"கொட்டை எண்ணெய்ங்க."

"முதல்ல ஒரு சொட்டு ஒன் நாக்குல விட்டுப் பாத்திருக்கலாமே!"

சந்தையே திரும்பிப் பார்த்தது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவர் குரலை இறக்கினார். "வாய் வெந்துதான் எச்சி வடியுது, வெறியா இருக்காதுன்னு தோணுது. ஆனா கடிச்சிருக்கு. தோணுறத நம்பி ஒரு மனுசன் உசுரோட வெளையாடக் கூடாது. கடிபட்டவர, கடிவாயச் சோப்புப் போட்டு நல்லாக் கழுவிட்டு இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவச் சொல்லு. நாயப் பத்து நாள் கட்டிப் போடு. வெறின்னா அதுக்குள்ள செத்துரும். நல்லா இருந்தா மிச்ச ஊசிய நிறுத்திருவாங்க. நீங்க அடிச்சுக் கொன்னுட்டா எவனுக்கும் ஒண்ணும் தெரியாது."

மச்சானிடம் பத்து நாள் கணக்கைச் சொன்னேன். எண்ணெய் விஷயத்தைச் சொல்லவில்லை. தைரியம் வரவில்லை. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்றதும் அவர் உட்கார்ந்துவிட்டார். "பதினாலா?"

அதன் பிறகுதான் வேடிக்கை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் தினமும் காலையில் எங்கள் காட்டுக்கு வந்துவிடுவார். உலக்கை எடுத்த அதே கை, ஒரு செம்புப் பாலைக் கொண்டுவரும். சங்கிலி எட்டாத தூரத்தில் குந்திக்கொண்டு, "ராசா, செத்துராதடா. இன்னும் ஏழு நாள் இருந்துரு" என்று கெஞ்சுவார்.

நான் தூர நின்றே சோப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றி எண்ணெயைப் போக்கினேன். ஆறிய கஞ்சியில் மோர் கலந்து, சட்டியைக் கழியால் தள்ளிவிட்டேன். நிழல் நகர்ந்தால் தென்னங்கீற்றை நகர்த்தி வைத்தேன். இத்தனை வருஷத்தில் அந்த நாய்க்கென்று நான் ஒரு சட்டி வைத்தது அதுதான் முதல் தடவை. நான்காம் நாள் மோரை நக்கியது. ஆறாம் நாள் சட்டியைக் காலி பண்ணியது. அன்று எனக்கும் சோறு இறங்கியது.

பத்து நாள் முடிந்த காலை, மச்சான் தலை தெரிந்ததுமே நாய் வாலை ஆட்டிக்கொண்டு குரைத்தது. "கொலைச்சுட்டான்!" என்று அவர் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார். ஆஸ்பத்திரியில் மிச்சம் நாலு ஊசியை நிறுத்திவிட்டார்கள். திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தவரிடம், இனியும் மறைத்தால் நான் மனுஷனில்லை என்று எண்ணெய் கதையைச் சொன்னேன்.

அவர் கை இலையில் நின்றுவிட்டது. "நீ தடவுன எண்ணெய்க்கு என் வயித்துல பத்து ஊசியா? என்னக் கடிச்சது நாயில்ல மாப்ளே, நீதான்."

சரியாகத்தான் சொன்னார். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த சந்தைக்கு, சொறிக்கு டாக்டரிடம் கந்தகத் தைலம் வாங்க நாயை வண்டியில் ஏற்றினேன். மச்சானும் ஏறி அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"நீங்க எதுக்கு மச்சான்?"

"டாக்டர் சொல்றத நான் கேட்டுக்கறேன். நீ வண்டிய ஓட்டு, போதும்."