ஹொனோரா போட்ட கை

எங்கள் ஊரில் வெண்ணெய் கடையும் வீட்டுக்குள் யார் நுழைந்தாலும் கடைகோலில் ஒரு கை போட்டுவிட்டுத்தான் நகர வேண்டும். மலையடி வீட்டு ஹொனோராவை மட்டும் முப்பது வருஷமாக யாரும் கோலைத் தொட விட்டதில்லை. அதற்குக் காரணம் நான்.

மே முதல் தேதி கடையும்போது வீட்டு நெருப்பை வெளியே கொடுத்தால் வெண்ணெயும் அதோடு போய்விடும் என்பார்கள் எங்கள் ஊரில். அப்படி ஒரு மே முதல் தேதி காலை, நான் கடைந்துகொண்டிருந்தபோது வாசலில் வந்து நின்றாள்.

"சபைனாக்கா, அடுப்பு அணைஞ்சு போச்சு. ஒரே ஒரு தணல் குடுங்க. புள்ள குளிர்ல நடுங்குது. நானும் ஒரு கை போடுறேன்."

"கடையற நேரத்துல நெருப்பு கேக்குறியே, எங்க வெண்ணெயையும் சேத்து அள்ளிட்டுப் போகவா? நட!"

அன்று வெண்ணெய் திரளவில்லை. பாலாடையை அடுப்போரம் வைக்கச் சோம்பல்பட்டு, ஜில்லென்று பீப்பாயில் ஊற்றியவள் நான்தான். மாமியார் கேட்டபோது பயத்தில், "ஹொனோரா வந்து நெருப்பு கேட்டா" என்றேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிவதற்குள் அவள் வெண்ணெய்த் திருடி ஆகிவிட்டாள்.

காலுறை பின்னி விற்றுப் பிள்ளையை வளர்த்தாள். அவன் கப்பலேறிப் போனான். எந்த வீட்டிலாவது கடையும் சத்தம் கேட்டால், வேலியோரம் நின்று கேட்டுவிட்டுப் போவாள். இந்தத் தவக்காலத்தில் செத்துப்போனாள்.

இந்த வருஷ மே முதல் தேதி இரண்டு மணி நேரம் கடைந்தும் வெண்ணெய் வரவில்லை. கதவின் தாழ் தானாகத் தூக்கிக்கொண்டது. யாரும் இல்லை. என் கைகளின்மேல் ஈரமாய், ஜில்லென்று இரண்டு கைகள் படிந்தன. கோல் ஏறி இறங்கியது, நான் கடையவில்லை. கையை எடுக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"விட்டுடு ஹொனோரா! பாலாடைதான் குளிர்ந்து கெடந்துச்சு. ஒன்மேல பொய் சொல்லிட்டேன்!"

கோல் நின்றது. மூடியைத் திறந்தேன். மஞ்சள் மஞ்சளாய் வெண்ணெய் மிதந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் ஃபெஸ்டஸ் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். பக்கத்து வீட்டு டீலியா சிலுவை போட்டுக்கொண்டு பின்வாங்கினாள்.

"செத்தவ வந்து உங்ககூட கடையறாளா?"

நேற்று டீலியா வீட்டில் கடையும் சத்தம் கேட்டது. ஒரு கை போடலாமென்று போனேன். உள்ளே தாழ் விழுந்தது.

"அக்கா, கோச்சுக்காதீங்க. இன்னிக்கு வேணாம்."

சத்தம் ஓயும்வரை வேலியோரம் நின்றேன். பக்கத்தில் ஹொனோராவும் நின்றாள்.