ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்

வலிக்கவில்லை. என் நோயின் முதல் அறிகுறி அதுதான்.

அமீரகத்தின் புஜைராவில் எண்ணெய்த் தொட்டிகளுக்குச் சாரம் கட்டும் ஒரு கம்பெனியில் நான் ஸ்டோர் கீப்பர். ஒரு நாள் டூட்டி முடிந்து அறைக்கு வந்து சேஃப்டி ஷூவைக் கழற்றினேன். இடது கால் சாக்ஸ் ஈரமாக இருந்தது. இந்த ஊர் வெயிலில் சாக்ஸ் ஈரமாவதெல்லாம் ஒரு சேதியா என்று பிழிந்தேன். சிவப்பாக வந்தது. ஷூவைக் கவிழ்த்துத் தட்டியதும் ஒரு சின்ன நட்டு கீழே விழுந்தது. காலையிலிருந்து அதன் மேல்தான் நின்றிருக்கிறேன், நடந்திருக்கிறேன், ஏணி ஏறி இறங்கியிருக்கிறேன். எனக்குத் தெரியவே இல்லை.

பெருவிரலுக்குப் பக்கத்து விரலின் அடியில் ஒரு குழி விழுந்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். வேறு யாருடைய காலையோ தொடுவது போலிருந்தது.

"என்னண்ணே ஆச்சு?" என்று அறையில் யாரோ கேட்டார்கள்.

"ஒண்ணுமில்ல. ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்" என்றேன்.

சொல்லி முடித்ததும் உடம்பு சில்லிட்டுவிட்டது. அது என் பேச்சே இல்லை. செல்லதுரையின் பேச்சு. கடைசிச் சொல்லை அவன் இழுக்கிற இழுப்புகூட அப்படியே என் வாயில் வந்திருந்தது. குனிந்து கீழ்க்கட்டிலைப் பார்த்தேன். புதிதாக வந்தவரின் போர்வை மடிப்புக் கலையாமல் கிடந்தது.

செல்லதுரை புதுக்கோட்டைப் பக்கம். சாரம் கட்டுபவன். வருடக்கணக்காக எனக்குக் கீழ்க்கட்டிலில் படுத்திருந்தவன். வளைகுடாவில் எங்களைப் போன்றவர்கள் உடம்பை லீவுக்கு ஒத்திவைத்துவிட்டு வாழ்கிறவர்கள். பல்வலி, மூலம், மூட்டுவலி, கண் மங்கல் எல்லாவற்றுக்கும் நாங்கள் கொடுக்கிற வாய்தா ஒன்றுதான். இந்த விஷயத்தில் செல்லதுரை எங்கள் எல்லாருக்கும் தலைவன்.

அவனுக்குத் தீராத தாகம் இருந்தது. பெரிய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்த மாதிரிக் குடிப்பான், உடனே பாத்ரூமுக்கு ஓடுவான். "கேம்ப் தண்ணிய நீயே தீத்துருவ போல" என்று கிண்டல் செய்வோம். ஆள் இளைத்துக்கொண்டே போனான். கால் எரிகிறது என்பான். ஊரிலிருக்கும் அவன் மனைவி செல்வி, லீவு முடிந்து திரும்புகிற ஒவ்வொருவரிடமும் மாத்திரை கொடுத்துவிடுவாள். அவர்கள் ஊர் மருந்துக்கடைக்காரர் விவரம் கேட்டு எடுத்துக் கொடுத்த மாத்திரைகள். கால் எரிச்சலுக்கு ஒன்று, அசதிக்கு ஒன்று, எதற்கென்றே தெரியாமல் ஒன்று. கோவில் பிரசாதம் வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வான்.

"இங்கயே ஒரு டாக்டரைப் பாத்தா என்னடா?" என்று கேட்டிருக்கிறேன்.

"இங்க பாத்தா நம்ம சம்பளம் தாங்குமாண்ணே? சுகரு கிகருன்னு எழுதிட்டான்னா கம்பெனிக்கு வேற தெரிஞ்சிரும். விசாவைக் கேன்சல் அடிச்சு ஃப்ளைட் ஏத்திவிட்ருவான். லீவுதான் வருதுல்ல. ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்ணே."

நானும் அதை நம்பினேன். கேம்பில் எல்லாருமே அதைத்தான் நம்பினோம்.

லீவு கிடைத்து, அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டி, பேர் எழுதி, கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தான். ஒரு மதிய இடைவேளையில் சைட்டில் நிழலுக்கு உட்கார்ந்தவன், யல்லா யல்லா என்று ஃபோர்மேன் கூப்பிட்டபோது எழுந்திருக்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. ஒரே அறைக்காரன் என்பதால் என்னை ஏற்றி அனுப்பினார்கள். அவன் பர்ஸ் என் கையில் இருந்தது.

ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்தவர் பத்தாக்காவைக் கேட்டார். இந்த நாட்டு அடையாள அட்டையான எமிரேட்ஸ் ஐடிக்கு நாங்கள் சொல்லும் பெயர் அது. வாங்கி மெஷினில் செருகிவிட்டு, "இன்சூரன்ஸ் ஹை, பாய்" என்றார், இன்சூரன்ஸ் இருக்கிறது என்று. யாருக்கு என்று கேட்டேன். அவர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். செல்லதுரையின் படம், பெயர், பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு குறி. போன முறை விசா புதுப்பித்ததிலிருந்தே இருக்கிறது என்றார். இத்தனை நாள் ஏன் கூட்டி வரவில்லை என்றும் கேட்டார்.

துபாய், அபுதாபியைப் போல இந்தப் பக்கத்து எமிரேட்டுகளிலும், விசா வேண்டுமென்றால் இன்சூரன்ஸ் கட்டாயம் என்று ஆக்கியிருந்தார்கள். எங்களுக்கும் கம்பெனி எடுத்திருந்தது. ரத்தப் பரிசோதனை, கைரேகை எல்லாவற்றோடும் சேர்த்து ஏதோ ஒரு ஆங்கிலத் தாளில் நாங்கள் கையெழுத்துப் போட்டோம். விசாவுக்கு இன்னொரு சடங்கு என்று நினைத்தோம். தனியாக ஒரு அட்டை கையில் கொடுத்திருந்தாலாவது அது என்னவென்று யாராவது கேட்டிருப்போம். ஐடியே இன்சூரன்ஸ் அட்டை என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. செல்லதுரை அதைப் பின்பாக்கெட்டில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு, அடுத்து ஊரிலிருந்து யார் வருகிறார்கள், மாத்திரை வருமா என்று போனில் விசாரித்துக்கொண்டிருந்தான். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரமாக வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

கீட்டோஅசிடோசிஸ் (சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறி ரத்தத்தில் அமிலம் சேர்ந்துவிடுதல்) என்றார்கள். அவன் கண் விழிக்கவில்லை. கயிறு கட்டிய பெட்டியும் அவனோடு ஊருக்குப் போனது.

அதனால்தான் என் வாயிலிருந்து அந்தப் பேச்சு வந்தபோது அப்படிப் பயந்தேன். வசந்திக்கு, என் மனைவிக்கு, போன் செய்து காலைப் பற்றிச் சொன்னேன். "பேசாம லீவு போட்டுட்டுக் கெளம்பி வாங்க, இங்க காட்டிக்கலாம்" என்றாள். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எல்லாரும் ஒரே பேச்சைப் பேசுகிறோம் என்று தோன்றியது.

மறுநாள் டூட்டிக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் மலையாளி, கோயம்புத்தூரில் படித்தவராம், தமிழ் நன்றாகவே பேசினார்.

"எத்தனை நாளா சுகர்?"

"எனக்கு சுகர் இல்லைங்க டாக்டர்."

"பார்த்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. பார்க்காததால் இல்லை என்றிருந்தேன். மதியத்துக்குள் எல்லாம் தெரிந்துவிட்டது. சர்க்கரை, அதனால் நியூரோபதி (கால் நரம்புகள் உணர்விழந்து போதல்), நட்டு குத்துவதற்கு முன்பே வலிக்காமல் வாரக்கணக்காக இருந்த புண் வழியாக ஆஸ்டியோமைலிட்டிஸ் (எலும்புக்குள் இறங்கிவிட்ட தொற்று).

"ரெண்டு விரலை எடுக்கணும். தள்ளிப் போட்டா பாதம் போகும். அதுக்கும் மேல நான் சொல்ல வேண்டாம்னு நினைக்கிறேன்" என்றார்.

"ஊருக்குப் போய்..." என்று ஆரம்பித்து நானே நிறுத்திக்கொண்டேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் அப்ரூவல் (செலவை ஏற்பதாக இன்சூரன்ஸ் கம்பெனி தரும் ஒப்புதல்) வரவேண்டும் என்று நடைபாதையில் உட்கார வைத்தார்கள். செல்லதுரையோடு வந்தபோது உட்கார்ந்த அதே நடைபாதை. பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. ஆட்கள் வந்தார்கள், எங்கெங்கோ உட்கார்ந்தார்கள், அதில் மட்டும் யாரும் உட்காரவில்லை. காலை இழக்கப் போகிறேனா, வேலையை இழக்கப் போகிறேனா, இரண்டையுமா என்று மனது கிடந்து அடித்துக்கொண்டது. அந்த நாற்காலிப் பக்கம் திரும்பாமலே இருந்தேன். ஒரு வழியாக அப்ரூவல் வந்தது. நான் கட்ட வேண்டிய பங்கு, நான் பயந்த அளவுக்கு இல்லை.

வேலையும் போகவில்லை. ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் வாங்கி வந்து சேர் என்றார்கள். எல்லாக் கம்பெனியும் அப்படி என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் வேலை போய்விடும் என்று பயந்து செல்லதுரை எதைக் காப்பாற்றிக்கொண்டான் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

விரல்கள் போன பிறகு ஒரு வேடிக்கை ஆரம்பித்தது. நட்டு குத்தியபோது வாய் திறக்காத கால், இல்லாத விரல்களில் அரிப்பதாகச் சொல்கிறது. கையைக் கொண்டுபோனால் அங்கே வெறும் தழும்புதான். வெட்டிய நரம்புகளுக்கு விரல் போன விவரம் இன்னும் போய்ச் சேரவில்லை என்று டாக்டர் விளக்கினார். சிலருக்குக் காலம் முழுக்க இருக்குமாம்.

இப்போது விடுமுறை நாட்களில் என் கட்டிலைச் சுற்றி ஆள் சேர்கிறது. விசா புதுப்பிக்கிறவர்கள், புதிதாக வந்தவர்கள். முதலில் பர்ஸை எடுக்கச் சொல்வேன். பிறகு ஐடியை. ஒவ்வொருவர் பெயரிலும் என்ன திட்டம், எந்தக் கிளினிக்குகள் அதில் சேர்த்தி, நம் பங்கு எவ்வளவு என்று அவரவர் போனிலேயே பார்க்க வைப்பேன். தெரியாவிட்டால் கம்பெனி ஆபீஸில் கேட்கச் சொல்வேன்.

கதிரேசன் என்று ஒருவர், ஏணி ஏறினால் மூச்சு வாங்குகிறவர். "எனக்கு ஒண்ணுமில்லண்ணே. எங்கூட்டு மச்சானுக்குத்தான் முடியல, அவன் விசிட் விசால வந்திருக்கான். என் கார்டைக் குடுத்தா அவன் பாத்துக்க மாட்டானா?" என்றார்.

"குடுங்க. அவரு நோயெல்லாம் உங்க பேர்ல ஏறட்டும். நாளைக்கு நீங்க மயங்கி விழுந்தா அவரு மருந்தை உங்களுக்கு ஏத்துவாங்க. மொதல்ல நீங்க போய் அந்த மூச்சைக் காட்டுங்க."

"லீவுக்கு இன்னும் கொஞ்ச நாள்தாண்ணே..."

கீழ்க்கட்டிலைக் காட்டினேன். அவருக்கு செல்லதுரையைத் தெரியும். அந்த வாரமே போய்க் காட்டினார். இதய ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். இப்போது மாத்திரையோடு நடமாடுகிறார், நோயை நான்தான் கொடுத்தேன் என்பது போல என்னைக் கண்டால் முறைக்கிறார்.

முன்பெல்லாம் எனக்குக் காலம் என்றால் லீவிலிருந்து லீவு வரைக்கும். நடுவில் இருப்பது கணக்கில் சேராது. இப்போது தினமும் காலையில் ஒரு கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். கால் எதையும் சொல்லாது, நான்தான் பார்க்க வேண்டும். அன்றைக்குக் காயமில்லை என்றால் அந்த நாள் எனக்குக் கிடைத்த நாள்.

லீவில் செல்வியைப் பார்க்கப் போனேன். அங்கே டாக்டரைப் பார்க்க வழியில்லையா என்று கேட்பாள் என்று பயந்துகொண்டே போனேன். கேம்பில் எல்லாருக்கும் சொல்கிற பேச்சு ஒன்றுகூட அந்த வீட்டு வாசலில் நினைவுக்கு வரவில்லை. அவள் டீ கொடுத்துவிட்டு வேறொன்று கேட்டாள்.

"நான் குடுத்துவிட்ட மாத்திரையெல்லாம் ஒழுங்காப் போட்டாகளாண்ணே?"

"ஒருநாள்கூட விடலம்மா" என்றேன். அது உண்மை.

அவள் தலையாட்டிக்கொண்டாள். அவள் முகத்தில் ஒரு ஆறுதல் வந்ததைப் பார்த்தேன். பிறகுதான் என் செருப்பைக் கவனித்தாள்.

"விரலுக்கு என்னண்ணே ஆச்சு?"

"சுகர்மா. எடுத்துட்டாங்க."

"எங்க, திருச்சிலயா?"

"இல்லம்மா. அங்கதான்."

அவள் டம்ளரை வாங்கக் கையை நீட்டியிருந்தாள். நீட்டிய கை அப்படியே நின்றது.

"அங்கயே பாக்கலாமாண்ணே?" என்றாள்.

இல்லாத விரல்கள் அரிக்க ஆரம்பித்தன. நான் குனிந்து, அவை இருந்த இடத்தைச் சொறிந்துகொண்டே இருந்தேன்.