பேர் கேட்காமல் பதில் வாங்கியவர்

வியாழக்கிழமை பிற்பகல் என் கைப்பேசி மூன்று முறை அடித்தது. மூன்று முறையும் மரக்காணம் கடையின் எண். முதல் இரண்டு முறை நான் எடுக்கவில்லை. அலுவலகத்தில் வேலை இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அது பொய். ஸ்டெல்லா மேடம்தான் கூப்பிடுகிறார், எடுத்தால் "எப்ப சார் வர்றீங்க?" என்று கேட்பார், என்னிடம் பதில் கிடையாது. அதனால்தான் எடுக்கவில்லை. மூன்றாவது முறை எரிச்சலோடு எடுத்தேன். பேசியவர் அவருடைய கணவர் அருள்தாஸ்.

"மேரி போயிட்டா சார். காலையில கடையிலதான் உக்காந்துனு இருந்தா. நெஞ்சு வலிக்குதுன்னா. பாண்டி போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சி."

மறுநாள் அடக்கம் என்றார். மனைவியை இழந்த மனிதர் எனக்காக மூன்று முறை எண்ணை அழுத்தியிருக்கிறார். அவரிடம் நான் என்ன சொன்னேன் என்பது இப்போது நினைவில் இல்லை.

இந்த 'வீட்டுக் காசு' வலைப்பூவைப் படிக்கிற உங்களில் பலருக்கு ஸ்டெல்லா மேரி யார் என்று தெரிந்திருக்காது. பக்கத்தில் எந்த மூலையிலும் அவர் பெயர் இல்லை. போடட்டுமா என்று கேட்டபோது வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார். ஆனால் நீங்கள் இங்கே எப்போதாவது ஒரு பதில் எழுதியிருந்தால், அந்தப் பதில் எழுதும் இடத்தை உங்களுக்காக ஒழித்துக் கொடுத்தவர் அவர்தான். அதற்கு முன்னால் இது நான் மட்டும் பேசுகிற மேடையாக இருந்தது.

நான் புதுச்சேரியில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். வீடு கீழ்புத்துப்பட்டு. குடும்பங்கள் பணத்தை எப்படிக் கையாள வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லும் ஆசை வந்து 2004இல் இந்த வலைப்பூவைத் தொடங்கினேன். வாரம் ஒரு கட்டுரை. ஒவ்வொன்றுக்கும் அடியில் '0 பின்னூட்டங்கள்' என்று இருக்கும். ஒரு வருடம் அந்த முட்டையைப் பார்த்தே கழிந்தது. மக்களுக்குப் படிக்கிற பழக்கமே இல்லை என்று நண்பர்களிடம் அலுத்துக்கொள்வேன்.

சுனாமிக்கு அடுத்த கோடையில், ஒரு உப்பு வியாபாரியின் காகிதங்களை வாங்கிவர அலுவலகத்தில் என்னை மரக்காணம் அனுப்பினார்கள். வியாபாரி வரத் தாமதமானது. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே 'ஜாப் டைப்பிங், ஜெராக்ஸ், பிரவுசிங்' என்று ஒரு பலகை. உள்ளே மூன்று கணினிகள். அதில் ஒன்று எப்போதும் பழுது என்பது பிறகு தெரிந்தது. உட்கார்ந்து, வழக்கம்போல் என் வலைப்பூவையே திறந்து முட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடை நடத்துகிற அம்மா பின்னால் வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும், மூக்கின் நுனியில் கண்ணாடி.

"இது நீங்களா சார்?" என்று திரையில் இருந்த என் புகைப்படத்தைக் காட்டினார். கையைக் கட்டிக்கொண்டு நான் முறைத்துக்கொண்டிருக்கும் படம் அது. ஆமாம் என்றேன். "கடன் வசூல் பண்ண வந்தவர் மாதிரி இருக்குது. அப்புறம் எவன் வாயத் திறப்பான்?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் அதோடு விடவில்லை. நின்றபடியே என் கட்டுரையைப் படித்தார். மாதம் பிறந்ததும் சம்பளத்தில் ஒரு பங்கை ஒதுக்கிவிட வேண்டும் என்று எழுதியிருந்தேன். படித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "மாசம் மாசம்னு எழுதுறீங்க. இங்க யாருக்கு சார் மாசம் இருக்குது? தையில இருந்து உப்பு. மழ வந்தா அளம் முழுக்கத் தண்ணி. அப்புறம் மூணு மாசம் சும்மா உக்காரணும். நீங்க எழுதறது ஆபீஸ்காரருக்கு ஆபீஸ்காரர் எழுதற லெட்டரு."

அன்று காகிதங்களை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பும்போது பேருந்தில் கோபமாகத்தான் இருந்தேன். அடுத்த சனிக்கிழமை வேலை எதுவும் இல்லாமலே மரக்காணம் போனேன்.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளில்தான் இந்தப் பக்கம் மாறியது. மேடம் முறையாகக் கணினி படித்தவர் அல்லர். பக்கத்தின் அமைப்பை ஒரு வரி மாற்றுவார், திறந்து பார்ப்பார், கெட்டுப்போனால் திரும்ப மாற்றுவார். ஒருநாள் வலைப்பூ மொத்தமும் காணாமல் போய் வெள்ளைத் திரை மட்டும் இருந்தது. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். அவர் சிரித்துவிட்டு, "இப்பதான் சார் சுத்தமா இருக்குது" என்றார். சாயந்திரத்துக்குள் திரும்பக் கொண்டுவந்தும் விட்டார்.

முதலில் என் படம் போனது. அடியில் ஒளிந்துகிடந்த பின்னூட்டப் பெட்டி உச்சிக்கு வந்தது. பதில் எழுத மின்னஞ்சல் முகவரி கேட்டுக்கொண்டிருந்த கட்டத்தை எடுத்தார். பெயர் கட்டம் இருந்தது, ஆனால் எதை வேண்டுமானாலும் எழுதலாம், எழுதாமலும் விடலாம். வாரம் ஒரு கேள்வி மேலே வரும். அதற்கு வாசகர்கள் பதில் சொல்வார்கள். அந்தப் பதில்களைப் படித்த பிறகுதான் நான் எழுத வேண்டும், என் எழுத்து பதில்களுக்குக் கீழேதான் வர வேண்டும். இந்தக் கடைசி விஷயத்துக்கு மட்டும் இரண்டு சனிக்கிழமை சண்டை போட்டேன். "முதல்ல அவங்க, அப்புறம் நீங்க" என்பதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை விளக்கவில்லை. நான்தான் இறங்கி வந்தேன்.

கணினி தெரியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று ஒரு சாமர்த்தியக் கேள்வி கேட்டேன். அதற்கும் அவரிடம் வழி இருந்தது. உப்பளத்தில் வேலை செய்யும் பெண்கள் ரேஷன் கார்டு நகல் எடுக்க, மனு தட்டச்சு செய்ய அவர் கடைக்குத்தான் வருவார்கள். அவர்களிடம் வாரத்தின் கேள்வியைக் கேட்பார். அவர்கள் சொல்லச் சொல்ல, ஒரு சொல்லையும் திருத்தாமல் அடிப்பார். பெயர் கேட்கமாட்டார். அளத்தில் யார் எந்தப் பாத்தியில் உப்பு வாருகிறார்களோ அந்தப் பாத்தியைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள் என்பதால், பதிலிலும் 'ரெண்டாம் பாத்தி', 'நாலாம் பாத்தி' என்றே போட்டார்.

அவர் வைத்த முதல் கேள்வி: 'மழைக்கு என்ன வச்சிருக்கீங்க?'

பதில்கள் வந்து விழுந்தன. ஒருத்தி இரண்டு தகர டின்னில் அரிசி என்றாள். இன்னொருத்தி அடகு வைப்பதற்கென்றே வைத்திருக்கும் பித்தளை அண்டாவைப் பற்றிச் சொன்னாள். துபாயிலிருந்து ஒரு கோட்டக்குப்பத்துக்காரர், 'எனக்கு விசா முடியறதுதான் மழை' என்று தொடங்கி நீளமாக எழுதினார். அதை நான் இன்றும் மறக்கவில்லை. அந்த வாரம் என் கட்டுரையை எத்தனை பேர் படித்தார்களோ தெரியாது. உண்மையைச் சொன்னால், எனக்குப் பொறாமையாக இருந்தது. மேடத்துக்கு அது தெரிந்திருக்கும். "சிக்கனம் சார் மட்டும் இன்னும் பதில் எழுதல" என்று எல்லார் எதிரிலும் கேலி செய்வார். எனக்கென்ன மழை என்று நானும் சிரித்துவிட்டு விட்டுவிடுவேன்.

இனிச் சொல்ல வேண்டியதை நான் பத்து மாதமாக யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வருடக் கடைசியில், சென்னையிலிருந்து ஒரு வாசகர் இந்தப் பதில்கள் எல்லாம் பொய் என்று எழுதினார். உப்பளத்துப் பெண்கள் வலைப்பூவில் பேசுகிறார்களாம், பாத்தி எண்ணெல்லாம் வேறு, எல்லாவற்றையும் இவரே உட்கார்ந்து எழுதிக்கொள்கிறார் என்று நக்கல். நாலைந்து பேர் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். விட்டுத் தள்ளுங்க சார் என்றார் மேடம். என்னால் தள்ள முடியவில்லை. என்னைப் பொய்யன் என்கிறானே என்று மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை.

'நாலாம் பாத்தி' பதில் சொன்ன சனிக்கிழமை நானும் கடையில் இருந்தேன். இந்த மழைக்கு நான் முன்பணம் வாங்கப்போவதில்லை, கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கிறேன், தை பிறந்தால் கூலி கூடக் கொடுக்கிற அளத்துக்குப் போவேன் என்று அந்த அம்மா சொன்னதைக் காதால் கேட்டேன். மழைக்காலத்தில் குத்தகைக்காரர் கொடுக்கும் முன்பணத்தை வாங்கியவர்கள் அடுத்த பருவம் அவர் அளத்திலேயே இறங்கியாக வேண்டும். அங்கே அதுதான் வழக்கம். அதை வாங்காமல் இருப்பதே பெரிய துணிச்சல்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? 'இதோ ஆதாரம்' என்று தலைப்பிட்டு அந்த அம்மாவின் பெயர், குப்பத்தின் பெயர், எந்த அளம், என்ன சொன்னார் எல்லாவற்றையும் எழுதினேன். மேடத்திடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சென்னைக்காரர் மன்னிப்புக் கேட்டார். பலர் பாராட்டினார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு பின்னூட்டம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை.

மரக்காணத்துப் பிள்ளை ஒருவர் அதைச் சென்னையில் படித்துவிட்டு வீட்டுக்குப் போனில் சொல்லியிருக்கிறார். ஒரே வாரத்தில் செய்தி குத்தகைக்காரருக்குப் போனது. தை மாதம் அந்த அம்மாவை அவர் அளத்தில் இறக்கவில்லை. கூலி கூடத் தருவதாக இருந்தவரும், நாளைக்கு என்னைப் பற்றியும் எழுதவைப்பாள் என்று கதவைச் சாத்திவிட்டார். அந்தப் பருவம் முழுக்க அந்த அம்மா பிரம்மதேசம் பக்கம் களையெடுக்கப் போனார். சேர்த்து வைத்திருந்தது கரைந்துபோனது.

மேடம் எனக்குப் போன் செய்தபோது, கட்டுரையை எடுத்துவிட்டேன் என்றேன். "ஊருக்குள்ள இருந்து எடுக்க முடியுமா சார்?" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன். மெதுவாகச் சொன்னார்: "அவங்க என்கிட்ட சொன்னாங்க சார். உங்ககிட்ட சொல்லல."

பிறகு ஒன்றே ஒன்று கேட்டார். ஒருமுறை நேரில் வந்து அந்த அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். பொங்கல் கழித்து வருகிறேன் என்றேன். பொங்கல் கழித்து, மார்ச்சில் ஆடிட்டிங் முடியட்டும் என்றேன். உறையில் பணம் வைத்து அனுப்பினேன். "காசு வேணாம் சார், ஆள் வரட்டும்" என்று ஒரு துண்டுச் சீட்டோடு அது திரும்பி வந்தது. அந்தக் கடைக்குப் பெண்கள் வருவது நின்றுபோனது. நகல் எடுக்கக்கூட திண்டிவனம் போனார்களாம். இதை எனக்குச் சொன்னவர் மேடம் அல்ல, அருள்தாஸ். மேடம் மாதம் தவறாமல் கூப்பிட்டு, அடுத்த கேள்வியைச் சொல்லுவார், கடைசியில் எப்போது வருகிறேன் என்று கேட்பார். ஆடி வந்ததும் நான் அந்த எண்ணை எடுப்பதை நிறுத்திவிட்டேன். நாற்பது நிமிடப் பேருந்துப் பயணம் அது. வெட்கம் என்று பெயர் வைத்துக்கொண்டேன், உண்மையில் அது திமிர்.

வெள்ளிக்கிழமை தூறலில் அடக்கம் நடந்தது. கல்லறைத் தோட்டம் கொள்ளாத கூட்டம். கடைக்கு வராமல் போன பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது அந்த நாலாம் பாத்தி அம்மா என் எதிரே நின்றார். பத்து மாதமாக மனதுக்குள் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்த மன்னிப்பில் ஒரு வரிதான் வாயில் வந்தது. தப்பு என்னுதுதாங்க என்றேன்.

"அக்கா இருக்கும்போது வந்திருக்கணும் சார்" என்றார் அவர். "நீங்க வருவீங்கன்னு சொல்லினே இருந்தாங்க."

கடை திறந்திருக்கிறதா என்று அவரே கேட்டார். அருள்தாஸ் வந்து பூட்டைத் திறந்துவிட்டார். கணினிமேல் மேடத்தின் கண்ணாடி மடித்து வைத்தபடி இருந்தது. அந்த அம்மா மேடத்தின் நாற்காலியில் உட்காரவில்லை, என்னையும் அதில் உட்காரவிடவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, "நான் சொல்றத அப்படியே அடிங்க, மாத்தாதீங்க" என்றார். அடித்தேன்.

"மழைக்கு இன்னா வச்சிருக்கீங்கன்னு அக்கா கேட்டாங்க. இந்த வருசம் ஒண்ணும் வைக்கல. பழைய அளத்துலயே முன்பணம் வாங்கிட்டேன், கொறஞ்ச கூலிக்கு. அடுத்த வருசம் வைப்பேன்னு அக்காகிட்ட சொல்லியிருந்தேன். வைப்பேன்."

பெயர் கட்டம் வந்தது. என்ன போடட்டும் என்று கேட்டேன். அவர் திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அதான் ஏற்கெனவே போட்டுட்டீங்களே சார்" என்றார்.

ஸ்டெல்லா மேடம், அந்தக் கட்டத்தை நான் காலியாக விட்டிருக்கிறேன். அந்த அம்மாவின் பெயரை இந்தக் கட்டுரையிலும் எழுதவில்லை. உங்கள் கேள்விக்கு என் பதிலையும் அன்றே அடித்தேன்: எனக்கு மழை என்பது நீங்கள்தான் கூப்பிடுகிறீர்கள் என்று நினைத்து நான் எடுக்காத அந்த இரண்டு அழைப்புகள், அதற்கு நான் எதுவுமே வைத்திருக்கவில்லை. அந்த அம்மாவின் பதில் பக்கத்தின் உச்சியில் இருக்கிறது. இந்தக் கட்டுரை, நீங்கள் சொன்னபடி, அதற்குக் கீழே வருகிறது. போய் வாருங்கள் மேடம்.