தேவராஜின் பதின்மூன்றாவது கேசட்

நான்தான் காட்டிக்கொடுத்தேன். ஒரே ஒரு சொல்லால். அதுவும் கன்னடச் சொல்லால்!

அந்தச் சொல் ஒரு வீடியோ கேசட்டில் பதிந்திருக்கிறது. கேசட் என் பீரோவில் வேட்டிகளுக்கு அடியில் கிடக்கிறது. எரிந்துபோய்விட்டதென்று பதினைந்து வருடமாக எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். உங்களிடம் மட்டும் சொல்கிறேன்... எரியவில்லை.

நான் கல்யாண வீடியோ எடுக்கிறவன். தொண்ணூற்றொன்றில் பிரேசர் டவுனில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தேன். கீழ் வீட்டில் தேவராஜ், டிவி மெக்கானிக். என்னைவிட இளையவன், வாய் நிறைய அண்ணா என்பான். அவனுக்கு ஒரு பைத்தியம் உண்டு. அந்த வருடம் டிவியில் ஞாயிறுதோறும் வந்த விண்வெளித் தொடர். அட்டை ராக்கெட், அலுமினியத் தாள் சுற்றிய தலைக்கவசம்... நான் கேலி செய்யாத நாளில்லை.

"சிரிங்கண்ணா, நல்லா சிரிங்க. ஒருநாள் இதைத் தேடிக்கிட்டு என் வாசலுக்கு வருவாங்க பாருங்க" என்பான்.

பதின்மூன்று பாகத்தையும் பதிந்து, ஒவ்வொரு கேசட்டிலும் தமிழில் பெயர் எழுதி அடுக்கினான். கேசட்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறெதுவும் பதியாது. பதின்மூன்றிலும் உடைத்து வைத்திருந்தான்.

கடைசிப் பாகம் வந்த ஞாயிறு எனக்கு முகூர்த்த வேலை. அதனால் அந்தக் கேசட்டைப் பிற்பாடு என்னிடம் கொடுத்தான். பாதி பார்த்தேன். விண்கலத்துக்கு வெளியே ஒருவன் சிக்கிக்கொள்கிறான். அவனிடம் காற்று தீர்ந்துகொண்டிருக்கிறது. உள்ளே கேப்டன் கதவருகே நிற்கிறான். திறந்தால் எல்லோரும் சாக நேரலாம்... கரண்ட் போய்விட்டது. மிச்சத்தை மறுநாள் பார்க்கலாமென்று வைத்துவிட்டேன்.

மறுநாள் காவிரிக் கலவரம் எங்கள் தெருவுக்கு வந்தது.

பட்டப்பகல். தெருமுனையில் தமிழ்நாட்டு நம்பர் போட்ட லாரி எரிந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கேமராவை எடுத்தேன்! வெற்றுக் கேசட் இல்லை. தேவராஜின் கேசட் கையருகில் இருந்தது. உடைத்த பல்லின் ஓட்டையில் ஒரு துண்டு செலோடேப் ஒட்டினால் மறுபடி பதியும். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த திருட்டுத்தனம் இது. வாயால் கடித்துக் கிழித்து ஒட்டினேன். கைதவறி அழித்துவிட்டேன் என்று சொல்லக்கூட எனக்கு வழியில்லை.

ஜன்னலில் நின்று எடுத்துக்கொண்டிருந்தேன். கூட்டம் எங்கள் வீட்டெதிரே வந்து நின்றது. இரும்புக் கம்பி, சைக்கிள் செயின், பெட்ரோல் பாட்டில். ஒருவன் அண்ணாந்து என்னைக் கேட்டான்.

"தமிளர மனெ யாவுது?"

தமிழர் வீடு எது என்கிறான். என் வீடும்தானே! வாணியம்பாடிக்காரன் நான். ஆனால் என் கன்னடத்தில் பிசிறு இருக்காது.

"கெளகெ" என்றேன். கீழே.

யோசித்தா சொன்னேன்? இல்லை... யோசிக்காமலே வந்ததுதான் என்னை இன்றைக்கும் அரிக்கிறது.

கீழே கதவு உடைந்தது. ரிப்பேருக்கு வந்திருந்த டிவிகள் ஒவ்வொன்றாக வெடித்தன. கேசட்டுகளை அள்ளி வந்து தெருவில் கொளுத்தினார்கள். தேவராஜ் எப்படியோ அவர்களைப் பிய்த்துக்கொண்டு மாடிப்படியேறி ஓடிவந்தான். என் கதவை இரண்டு கையாலும் அறைந்தான்.

"அண்ணா, கதவத் தொறங்கண்ணா! நான்தாண்ணா, தேவா!"

நான் தாழ்ப்பாளைப் பார்த்தபடி நின்றேன். தோளில் கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

காலைப் பிடித்து இழுத்துப் போனார்கள். அவன் தலை ஒவ்வொரு படியிலும் மோதியது. பதினெட்டுப் படி, கேசட்டில் சத்தத்தை வைத்தே எண்ணலாம். நடுத்தெருவில் போட்டுக் கம்பியால் அடித்தார்கள். வலது கையைக் கல்லின்மேல் வைத்து நசுக்கினார்கள். செயின் நுனி இடது கண்ணைக் கிழித்தது. நான் ஜன்னலுக்குத் திரும்பி வந்து அதையும் எடுத்தேன்! சாட்சிக்காகவா? பொய். கேமராவுக்குள் கண்ணை வைத்துக்கொண்டால் அது வேறெங்கோ நடப்பதாக இருந்தது. அவ்வளவுதான்.

அவர்கள் போன பிறகுதான் இறங்கினேன். மடியில் போட்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பிழைத்துக்கொண்டான். ஆனால் அன்று காலை நடந்தது எதுவும் அவனுக்கு நினைவில்லை. நடுவழியில் ஒரு நொடி விழித்தபோது கண்ட என் முகம் மட்டும் நினைவிருக்கிறது. "அண்ணா இல்லேன்னா நான் செத்திருப்பேன்" என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வளர்த்தான். அவன் மனைவி கிறிஸ்துமஸ்தோறும் எனக்குக் கேக் அனுப்புகிறாள். தின்கிறேன்!

அவன் சொன்னது பலித்தது. வைட்ஃபீல்டில் வேலை பார்க்கும் சுபா என்ற பெண் அந்தத் தொடரைத் தேடிக்கொண்டு இந்த வருடம் வந்தாள். மூல நாடாக்கள் பூஞ்சை பிடித்து அழிந்துவிட்டனவாம். வீடு வீடாக அலைந்து பன்னிரண்டு பாகம் சேர்த்துவிட்டாள். பதின்மூன்றாவது மட்டும் எங்குமில்லை.

"பாதி இருந்தாலும் போதும் அங்கிள்" என்றாள்.

பாதி இருக்கிறதே! அதை மட்டும் வெட்டிக் கொடுக்கலாமே என்பீர்கள். மீதி எங்கே என்று தேவராஜ் கேட்பான். பல் உடைத்த கேசட் எப்படி அழிந்ததென்று ஒரு மெக்கானிக்குக் கேட்கத் தெரியாதா? "எரிஞ்சுபோச்சும்மா" என்றேன். முழுக்கப் பார்த்து அன்று காலையே திருப்பிக் கொடுத்துவிட்டதாகவும், மற்றதோடு அதுவும் எரிந்ததாகவும்தான் தேவராஜிடமே சொல்லி வைத்திருக்கிறேன்.

தேவராஜுக்கு மற்றக் கண்ணும் இப்போது மங்கி வருகிறது. முழுசாகப் போவதற்குள் அந்தக் கடைசிக் காட்சியை ஒருதரம் பார்த்துவிட வேண்டும்... அவனுக்கு வேறு ஆசையில்லை. இனிக் கிடைக்காதென்றதும், கதையையாவது சொல்லுங்கள், பதிந்துகொள்கிறேன் என்றாள் சுபா. போன ஞாயிறு என் வீட்டில் உட்கார்ந்து சொன்னான். கேப்டன் கதவருகே நிற்பதுவரை சொன்னான். அங்கே திக்கி நின்றுவிட்டான்.

"அதுக்கப்புறம் வரமாட்டேங்குதும்மா. அடிபட்டதுல போயிருச்சு போல..." என்று என் பக்கம் திரும்பினான். "அண்ணா, நீங்கதான் பார்த்தீங்களே. கேப்டன் கதவத் தொறந்தானா இல்லையா?"

நான் பார்க்கவில்லை. நான் பார்க்காத அந்தப் பாதியில்தான் அவன் என் கதவை அறைந்துகொண்டிருக்கிறான்.

பீரோ அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. சாவி என் இடுப்பில்.

"தொறந்தான் தேவா" என்றேன்.

"தெரியும்ணா! தொறந்திருப்பான்னு எனக்குத் தெரியும்!" என்று சிரித்தான். நசுங்கிய அந்தக் கையால் தடவித் தடவி என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டான்.

சுபா அதையும் பதிந்துகொண்டாள்.