வாயு என்று எழுதிய சீட்டு

மனம் நொந்து வருகிறவர்களின் எதிரில் உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்பதுதான் பல வருஷங்களாக என் தொழில். இதற்கென்று நான் படித்தது எதுவுமில்லை, ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். வருகிறவர்களிடம் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுவேன்: நானும் பயந்தவன்தான். இப்படிச் சொல்லப் பழகியது எண்பதுகளில், ஒருவருக்கு நான் செய்த தப்பால்.

அப்போது எனக்கு வீடு விழுப்புரத்தில், வேலை திண்டிவனத்தில். ஒரு டாக்டரின் கிளினிக்கில் வாசல் மேஜை என்னுடையது. அவர் பொது வைத்தியம்தான் பார்த்தார். மன வைத்தியமும் படித்திருந்தார், ஆனால் போர்டில் போடவில்லை. போட்டால் ஒருவரும் படியேற மாட்டார்கள். வருகிறவர்களிடம் என்ன செய்கிறது என்று கேட்டு ஒரு சீட்டில் எழுதி உள்ளே அனுப்புவேன். காய்ச்சல், இருமல், வாயு என்று இருந்தால் இரண்டு நிமிஷம், மாத்திரை, அடுத்த ஆள். 'பயம்' என்று எழுதியிருந்தால் அந்தச் சீட்டை டாக்டர் அடியில் வைத்துவிடுவார். கூட்டமெல்லாம் போன பிறகு அந்த ஆளைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி பேசுவார். ஒருவருக்கு இரண்டு நிமிஷமா அரைமணியா என்பது என் பேனாவில் இருந்தது.

அந்த அரைமணி எனக்கே தேவைப்பட்டது. காலையில் பஸ் விக்கிரவாண்டி தாண்டியதும் காரணமில்லாமல் நெஞ்சு அடித்துக்கொள்ளும். உள்ளங்கை வேர்க்கும். இத்தனை பேர் பார்க்க இதோ விழுந்து சாகப்போகிறேன் என்று தோன்றும். உட்கார இடமிருந்தாலும் பின்படிக்குப் பக்கத்திலேயே நிற்பேன், முடியாவிட்டால் இறங்கிவிடலாம் என்று. டாக்டரிடம் மூச்சுவிடவில்லை. பயந்தாங்கொள்ளியை அந்த மேஜையில் யார் உட்கார வைப்பார்கள்? அதை விட்டால் என் படிப்புக்கு வேறு எங்கே மேஜை கிடைக்கும்?

நான் போகிற பஸ்ஸின் கண்டக்டர் வாய் ஓயாத மனுஷர். "இன்னா சார், டெய்லி படிய காவல் காத்துக்கினு நிக்கிறீங்க? எவனும் பேத்து எடுத்துக்கினு போவ மாட்டான், உள்ள வாங்க" என்பார். பஸ்ஸே சிரிக்கும். ஆனால் விக்கிரவாண்டி தாண்டினால் அவருக்கும் பேச்சு நின்றுவிடும். கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்துப் போகும். தோல்பையைத் திறப்பார், மூடுவார், மறுபடி திறப்பார். என்ன வியாதி என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை அவரே கிளினிக்குக்கு வந்தார். கூட அவர் மச்சான்.

"என்ன செய்யுதுங்க?" என்றேன்.

"நெஞ்சுல ஒரு மாதிரி..." மச்சானை ஒரு பார்வை பார்த்தார். "வாயுதான் சார்."

"மூணு வேளையும் மல்லாட்டய தின்னுக்கினு இருந்தா வேற இன்னா வரும்?" என்றார் மச்சான், வேர்க்கடலையைச் சொல்லி. "எந்தங்கச்சி இன்னாடான்னா பேய் புடிச்சிருக்குது, அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்கு இட்டுக்கினு போவணும்ன்றா. பேய்க்கு வேற ஆளா கெடைக்கல!"

கண்டக்டர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார். பயம் என்று நான் எழுதினால், அவர் சொல்லாதது உனக்கு எப்படித் தெரிந்தது என்று டாக்டர் கேட்பார். அதற்கு என்னிடம் இருந்த ஒரே பதிலைச் சொல்ல முடியாது. வாயு என்று எழுதினேன். இரண்டே நிமிஷத்தில் மாத்திரைப் பொட்டலத்தோடு அவர் வெளியே வந்தார்.

அடுத்த செவ்வாய், கூட்டேரிப்பட்டுக்கு முன்னால், ஊரே இல்லாத இடத்தில் ஒற்றை விசில் கேட்டது. பஸ் நின்றது. கண்டக்டர் பையோடு இறங்கி வயலுக்குள் நடந்தார்.

"யோவ், எங்கய்யா போற?" என்று டிரைவர் கத்தினார்.

"அவசரமா வந்திருக்கும், உடு" என்றது ஒரு குரல். சிரிப்பு எழுந்தது.

"ஜல்தி வரச் சொல்லுங்கப்பா, எனக்குக் கோர்ட்டுல வாய்தா" என்று ஓர் அம்மா புலம்பினார்.

"அஞ்சு நிமிசம் பாப்பேன், வரலன்னா எடுத்துடுவேன். ஓனரு இன்னியோட ஊட்டுக்கு அனுப்பிடுவாரு அவன" என்றார் டிரைவர்.

நான் இறங்கினேன். அவர் வரப்பில் குந்தி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வேர்வை.

"சார், நான் செத்துக்கினு இருக்கிறேன்."

"சாவ மாட்டீங்க. எனக்கும் இதேதான். தெனமும் வருது. அதுக்குத்தான் படியாண்ட நிக்கிறேன்."

பிறத்தியாரிடம் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் நிமிர்ந்தார். ஆறுதல்பட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

"அப்போ அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சிக்கினே வாயுன்னு எழுதினியா?" அதுவரை இருந்த 'ங்க' போய்விட்டது. "ஒரு வாரமா அந்த மாத்திரய முழுங்கிக்கினு, இதுக்கும் கேக்கலியே, அப்ப நாம சாவத்தான் போறோம்னு கெடந்தேனேய்யா!"

என் மேஜை போய்விடுமோ என்று நான் பயந்ததில் இவர் ஒரு வாரம் சாவோடு படுத்து எழுந்திருக்கிறார். ஹாரன் அடித்தது.

"மத்தியானம் கிளினிக் வாங்க. டாக்டராண்ட நானே சொல்லிடறேன்" என்றேன்.

அவர் எழுந்து பஸ்ஸை நோக்கி நடந்தார். அவரை எழுப்பியது என் பேச்சில்லை, என்மேல் வந்த கோபம்தான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அன்று காலை முழுக்க என் எழுத்து கோணல்மாணலாக இருந்தது. கூட்டம் குறைந்ததும் உள்ளே போய், நின்றபடியே எல்லாவற்றையும் டாக்டரிடம் சொன்னேன். என் வியாதியையும் சேர்த்து.

"நீ எழுதறத நம்பித்தானே நான் மருந்து குடுக்கறேன்?" என்றார். குரல் உயரவில்லை. "இன்னும் எத்தன பேருக்கு இப்படி எழுதின?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரிய வழியே இல்லை.

"அஞ்சாறு பேர் இருக்கும் சார். அவங்களா சொல்லல, பாத்தே தெரிஞ்சிச்சு, நான் எழுதல."

"வீடு தெரியுமா?"

"சில பேருது தெரியும்."

"நாளைக்குப் போய்க் கூட்டிட்டு வா. உன் வேலையைப் பத்தி அப்புறம் பேசலாம்."

அந்த அப்புறம் எப்போது வரும் என்று தெரியாமல் பல நாள் தவித்தேன், அது வேறு கதை. மத்தியான நடை முடித்துக் கண்டக்டர் வந்தார், மச்சான் இல்லாமல். கதவு சாத்திக்கொண்டது. அரைமணிக்கும் மேலாயிற்று. வெளியே நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தபோது அவர் கண்கள் சிவந்திருந்தன.

"அடுத்தது நீ வா" என்று உள்ளிருந்து டாக்டர் கூப்பிட்டார்.

எழுந்தேன். மேஜைமேல் கிடந்த சீட்டுகளை அடுக்க ஆரம்பித்தேன்.

"போய்யா, கடிக்க மாட்டாரு" என்றார் கண்டக்டர். கோபம் இன்னும் இருந்தது. ஆனால் போகாமல், நான் உள்ளே நுழைகிற வரைக்கும் நின்றுகொண்டிருந்தார்.