முள் புரண்டு படுத்தது

பட்டறைக்கு வண்டி வந்ததும் முதலில் சாவியை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறாள். பிறகு காருக்குள் யார் இருந்தாலும் கீழே இறக்கிவிடுகிறாள். இன்று இறங்கியது தம்பியின் சின்ன மகள். குழந்தையைப் பட்டறை பெஞ்சில் உட்காரவைத்து, தட்டி விளையாட ஒரு காலி கிரீஸ் டப்பாவையும் கொடுத்த பிறகுதான் அவள் பார்வை காருக்குப் பின்னால் பூட்டியிருந்த டிரெய்லர் பக்கம் திரும்பியது.

டிரெய்லர் பிரேக் என்றால் எல்லோரும் இவளிடம்தான் வருகிறார்கள். தலை நரைத்தவர்களுக்கும் இவள் 'அக்கா'தான். வந்தவர் சொல்லும் காரணத்தைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். கேட்பது ஒன்றுதான்.

"கடைசியா யாரு கை வச்சது?"

"யாரும் வைக்கலக்கா. பிரேக் கன்ட்ரோலர் போச்சு. புதுசு வாங்கி மாட்டுனேன், அதுவும் போச்சு."

"ரெண்டும் பேசி வச்சுக்கிட்டுப் போச்சாக்கும்."

தம்பி வீடு மாறுகிறான். சாமான் முழுவதும் டிரெய்லரில். வழியெல்லாம் மலை இறக்கம். டிரெய்லருக்கென்று இருக்கும் பிரேக் பிடிக்காவிட்டால் அத்தனை பாரமும் காரை முன்னால் தள்ளிக்கொண்டு போய்விடும்.

"மெதுவாப் போயிடுறேன்க்கா. இருட்டுறதுக்குள்ள எறங்கணும்."

"நீ மெதுவாப் போவ. பின்னாடி பீரோ மெதுவா வருமா?"

கழுத்துக் கயிற்றில் தொங்கும் சின்னத் திசைகாட்டியோடு சக்கரத்தடியில் படுத்தாள். உள்ளே இருக்கும் மின்காந்தம்தான் பிரேக்கைப் பிடிக்க வைப்பது. மின்சாரம் சரியாக வந்தால் அது திசைகாட்டி முள்ளை வெடுக்கென்று இழுக்க வேண்டும்.

"அமுக்கு."

ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த கன்ட்ரோலரின் பிடியைத் தம்பி அழுத்தினான். ஞாயிற்றுக்கிழமை எழுப்பப்பட்ட ஆளைப்போல் முள் கொஞ்சம் புரண்டு படுத்தது. மற்ற சக்கரங்களிலும் அதே கதை.

"எல்லாத்துக்கும் ஒரே நேரத்துல சோம்பல் வராது," என்றபடி முன்பக்கம் தவழ்ந்தாள். எல்லா பிரேக்குக்கும் பொதுவான எர்த் ஒயர் அங்கேதான் டிரெய்லரின் இரும்புச் சட்டத்தோடு முடுக்கப்பட்டிருந்தது. சட்டம் பளபளவென்று நீலமாக இருந்தது.

"பெயிண்ட் எப்ப அடிச்ச?"

"போன வாரம். நல்லாருக்கா?"

"யாரும் கை வைக்கலன்ன?"

"அது பெயிண்டுக்கா. ஒயரக் கழட்டி, அடிச்சு, காஞ்சதும் திரும்ப மாட்டிட்டேன். ரிப்பேரா பண்ணேன்?"

ஒயருக்கும் இரும்புக்கும் நடுவே நீலப் பெயிண்ட் கெட்டியாக உட்கார்ந்து மின்சாரத்தை மறித்துக்கொண்டிருந்தது. போல்ட்டைக் கழற்றி, அந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்தாள். தன் கன்னத்தைத் தேய்ப்பதுபோல் முகம் சுளித்தான் தம்பி. இரும்பு வெள்ளையாகத் தெரிந்ததும் ஒயரை வைத்து முடுக்கினாள். இந்தத் தடவை முள் துள்ளித் திரும்பியது.

அதோடு விடவில்லை. தானே காரை எடுத்துப் பட்டறை முற்றத்தில் ஓட்டினாள். கால் பிரேக்கைத் தொடாமல் கன்ட்ரோலர் பிடியை மட்டும் அழுத்தினாள். பின்னால் யாரோ சட்டையைப் பிடித்து இழுத்ததுபோல் கார் நின்றது. பீரோ ஒருமுறை முனகியது. திரும்பவும் ஓட்டினாள். இறக்கத்துக்காகக் கன்ட்ரோலர் திருகைக் கொஞ்சம் கூட்டி, மறுபடியும் ஓட்டினாள்.

"சரியாயிடுச்சாக்கா?"

துணியில் கை துடைத்தாள். பெஞ்சுக்குப் போய்க் குழந்தையை டப்பாவோடு தூக்கி வந்து, காரின் பின்சீட்டில் உட்காரவைத்து, பெல்ட்டை மாட்டி ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.