இரட்டை வேகத்தில் அத்தான்

அந்த வெளிநாட்டுப் படத்தை, பக்கத்து வீட்டுக்காரர் துபாயிலிருந்து கொண்டுவந்த கேசட்டில் நான் முன்பே பார்த்திருந்தேன். அதில் படகுகள் ஒன்றையொன்று துரத்தும். ஒரு படகு பாலத்தைத் தாண்டிப் பறக்கும். அதையே தமிழில் எடுக்க ஒரு சினிமா கம்பெனி கீழ்வேளூர்ப் பக்கம் வந்து இறங்கியது. அங்கே பெரிய ஆறு, இங்கே எங்கள் பாசன வாய்க்கால். படகு நாகப்பட்டினத்து மீன்பிடிப் படகுதான். கறுப்பு பெயிண்ட் அடித்திருந்தார்கள். மீன் வாசனைக்கு பெயிண்ட் அடிக்க முடியவில்லை.

அப்போது என் அக்காவின் கணவருக்கு நாற்றங்கால் வெளுத்துக்கொண்டிருந்தது. அவர் கடைமடை விவசாயி; வாய்க்கால் முடியும் இடத்தில் அவர் வயல். அணை திறந்தும் தண்ணீர் அவர் வயலை எட்டவில்லை. வாய்க்காலை ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்தது.

"இந்தப் போகமும் போச்சுன்னா துபாய்க்குக் கெளம்பிருவேன் மாப்ள. அங்க ஒட்டகத்துக்குக்கூட முறை வைக்காம தண்ணி குடுக்குறாங்களாம்" என்றார் அத்தான்.

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. பாஸ்போர்ட் வந்துவிட்டிருந்தது.

வருவாய்த் துறையில் இருந்தவன் என்பதால், வாய்க்காலைச் சுத்தம் செய்யக் கோரும் மனுவை நானே எழுதிக் கொடுத்திருந்தேன். குறையில்லாத மனு. எந்த மேசையில் எவ்வளவு காலம் தூங்கும் என்று நான் கணித்திருந்தேனோ, அங்கே அப்படியே தூங்கியது.

படப்பிடிப்பின் முதல் நாளே படகின் விசிறியில் ஆகாயத்தாமரை சிக்கிக்கொண்டது. தோல்கோட்டு போட்ட கதாநாயகன் கொளுத்தும் வெயிலில் மூங்கில் கழியால் படகைத் தள்ளினான். வில்லன் கரையில் இளநீர் குடித்தபடி காத்திருந்தான்.

நான் வருவாய்த் துறை ஆள் என்று யாரோ சொல்ல, வேடிக்கை பார்த்து நின்ற என்னிடம் இயக்குநர் வந்தார். "சார், இதை அள்ளணும்னா யாருகிட்ட பர்மிஷன் வாங்கணும்?"

"அள்ளக் கூடாதுன்னு நான் படிச்ச எந்த விதியிலயும் இல்லீங்க. அள்ளுங்க" என்றேன்.

படகு வேகமெடுக்க நீண்ட தூரம் வேண்டுமாம். ஆட்களை இறக்கி, கடைமடை வரைக்கும் வழித்தெடுத்தார்கள். மறுநாள் காலை கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் வந்து சேர்ந்தது. நாற்று பிழைத்தது. அத்தான் துபாய்க்குப் போகவில்லை.

படம் வந்ததும் மூவரும் தியேட்டருக்குப் போனோம். அசலின் கால்தூசிக்குக்கூட அது வராது. படகு ஊர்ந்ததால் அந்தக் காட்சியை மட்டும் இரட்டை வேகத்தில் ஓடவிட்டிருந்தார்கள். பின்னணியில் கொக்குகள் வெறிபிடித்தவை போலச் சிறகடித்தன. வரப்பில் மண்வெட்டியோடு ஒருவர் விர்ரென்று ஓடிவந்து, வேட்டியை மடித்துக் கட்டி, நாலே வெட்டில் மடையைத் திறந்தார். தியேட்டர் விழுந்து விழுந்து சிரித்தது. அத்தான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

வெளிநாட்டுக்காரர்கள் எவ்வளவோ நன்றாக எடுத்திருக்கிறார்கள். ஆனால், நான் நன்றி சொல்ல வேண்டியது இந்த மோசமான படத்துக்குத்தான்.

அக்கா என் பக்கம் சாய்ந்தாள். "எதுக்குடா சிரிக்கிறாங்க? அன்னிக்கு அவரு நெசமாவே அப்படித்தானே ஓடுனாரு?"